பெரிய படத்துக்கு எத்தனை பிக்சல் வேண்டும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பெரிய படம் அச்சிடும் கடை எதற்குப் போனாலும் முதலில் காதில் விழுவது ஒரே வாக்கியம்தான்: "300 டிபிஐ-யில் ஃபைல் கொடுங்கள்." காவடித் திருவிழாவுக்குப் பேனர் கட்டும் கோயில் கமிட்டிக்காரர்கள், கல்யாண வீட்டார், தாத்தா பாட்டி படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்ட நினைப்பவர்கள் என்று எல்லோருக்கும் இந்த எண் மனப்பாடம். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை ஒன்று ஃபோட்டோஷாப்பைத் திறந்து, 72 என்று இருக்கும் கட்டத்தில் 300 என்று அடித்து, சேமித்து அனுப்பிவிடும். கடை கேட்ட எண் ஃபைலில் இருக்கிறது. ஆனாலும் பேனரைக் கட்டிப் பார்த்தால் அம்மன் முகம் மங்கலாகத் தெரிகிறது. எங்கே தப்பு நடந்தது என்று யாருக்கும் புரிவதில்லை.

குழப்பம் அந்த எண்ணிலேயே இருக்கிறது. டிஜிட்டல் படத்துக்கு அங்குலமும் கிடையாது, சென்டிமீட்டரும் கிடையாது. அதனிடம் இருப்பது பிக்சல் எனும் சின்னச் சின்ன நிறப்புள்ளிகள் மட்டும்தான். பத்து லட்சம் பிக்சல் சேர்ந்தால் ஒரு மெகாபிக்சல். 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் என்றால் அகலத்தில் 6000 பிக்சல், உயரத்தில் 4000 பிக்சல். அதை 20 அங்குல அகலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 300 பிக்சல் விழும். 40 அங்குலத்தில் 150, 60 அங்குலத்தில் 100. ஒரே கரண்டி மாவைச் சின்னத் தோசையாகவும் ஊற்றலாம், கல் முழுக்க மெல்லிசாக இழுத்தும் ஊற்றலாம். மாவு என்னவோ அதே மாவுதான். ஃபைலுக்குள் இருக்கும் 72-ஐ 300 ஆக்குவது இரண்டில் ஒன்றைத்தான் செய்யும். பிக்சல்களைத் தொடாமல் குறிப்பை மட்டும் மாற்றும். அல்லது இல்லாத பிக்சல்களை மென்பொருளே ஊகித்து நடுவில் நிரப்பும். இரண்டிலும் புதிதாக ஒரு நுணுக்கமும் படத்துக்குள் வந்துவிடாது.

இன்னொன்றையும் இங்கேயே பிரித்துவிடுவது நல்லது. கடைக்காரர் டிபிஐ என்று சொல்லும்போது பெரும்பாலும் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பதைத்தான் கேட்கிறார். அதன் சரியான பெயர் பிபிஐ. டிபிஐ என்பது அச்சு இயந்திரம் ஓர் அங்குலத்தில் தெளிக்கும் மைப்புள்ளிகளின் எண்ணிக்கை. இங்க்ஜெட் இயந்திரத்தின் மேல் 1440, 2880 என்று எழுதியிருப்பது அதுதான். ஒரு பிக்சலின் நிறத்தைக் காட்டவே பல மைப்புள்ளிகள் வேண்டும் என்பதால் அந்த எண் பெரிதாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு 1440 பிபிஐ-யில் ஃபைல் தயாரித்து அனுப்புவதால் ஒரு பயனும் இல்லை.

சரி, 300 என்பது எங்கிருந்து வந்தது? பத்திரிகை அச்சிலிருந்து. ஆஃப்செட் அச்சில் படங்களை அங்குலத்துக்கு 150 கோடு என்ற அளவில் புள்ளிகளாக உடைப்பார்கள். கோட்டுக்கு இரண்டு பிக்சல் இருந்தால் பாதுகாப்பு என்று 300 வைத்தார்கள். கையில் பிடித்து, ஓர் அடி தூரத்தில் பார்க்கும் தாளுக்கு அது மிகச் சரியான எண். மனிதக் கண்ணும் அந்தத் தூரத்தில் ஏறத்தாழ அவ்வளவுதான் பிரித்துப் பார்க்கும்.

கண் விஷயம்தான் இதில் முக்கியம். நல்ல பார்வை உள்ளவர் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு. இதைத் தூரத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் எளிமையான ஒரு வழி கிடைக்கிறது. 9000-ஐப் பார்க்கும் தூரத்தால், அதாவது சென்டிமீட்டர் கணக்கில், வகுத்தால் போதும். வருவதுதான் அங்குலத்துக்குத் தேவையான பிக்சல். 30 செ.மீ. தூரத்தில் 300. ஒரு மீட்டரில் 90. மூன்று மீட்டரில் 30. சாலையோரத்தில் 10 மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் பலகைக்கு 9 போதும். அதற்கு மேல் எத்தனை பிக்சல் கொடுத்தாலும் கண்ணுக்கு எட்டாது.

இந்தக் கணக்கிலிருந்து ஆச்சரியமான ஒன்று வருகிறது. ஒரு படத்தை அதன் மூலைவிட்ட நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரத்தில் நின்று பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். முழுப் படத்தையும் ஒரே பார்வையில் வாங்கிக்கொள்ள மனிதர்கள் இயல்பாக நிற்கும் தூரம் கிட்டத்தட்ட அதுதான். அந்தத் தூரத்தில் படம் தபால் அட்டை அளவோ வீட்டுச் சுவர் அளவோ, தேவைப்படும் மொத்தப் பிக்சல் ஒன்றேதான்: ஏறக்குறைய 6 மெகாபிக்சல். படம் பெரிதாகப் பெரிதாக ஆள் பின்னால் போகிறார். தேவை ஏறுவதே இல்லை. பழைய 8 மெகாபிக்சல் ஃபோனில் எடுத்த படம் பெரிய விளம்பரப் பலகையில் பளிச்சென்று நிற்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

பெரிய அச்சு பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அது போதவில்லை. தூரத்தைத் தீர்மானிப்பது படத்தின் அளவு மட்டுமல்ல. பார்ப்பவர் அதில் எதைத் தேடுகிறார் என்பதும்தான். அம்கெனி சாலைக் கோயில் வாசலில் திருவிழா பேனர் தொங்கினால், ஜனங்கள் சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். ஆனால் மேகஸின் பராக்ஸின் பழைய படம் ஒன்றை இரண்டு மீட்டர் அகலத்தில் பெரிதாக்கி ஒரு மண்டபத்தில் மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டர்பன் மாநகராட்சியில் வேலை பார்த்த தமிழர்களும் தெலுங்கர்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடியிருப்பு அது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரிக்க 1950-இல் வந்த குழுவாரிப் பகுதிச் சட்டத்தின் நிழலில், 1960-களில் அங்கிருந்தவர்கள் இந்தியர்களுக்கென ஒதுக்கப்பட்ட சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த வீடுகள் இன்று இல்லை. படம் மட்டும்தான் மிச்சம். அதன் முன்னால் யாரும் இரண்டரை மீட்டர் தள்ளி நிற்கப் போவதில்லை. மூக்கு படும் தூரத்துக்கு வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இது எங்க சின்னம்மா வீட்டு வாசல்தானே?" என்று ஒவ்வொரு முகமாகத் தேடுவார்கள். அந்த ஒரு படத்துக்கு 150 பிபிஐ-க்குக் கீழே இறங்கினால் தேடி வந்தவர் ஏமாந்துதான் போவார்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியது, "இதை யார், எவ்வளவு பக்கத்தில் நின்று, எதற்காகப் பார்ப்பார்கள்?" என்பதை. குழுப் படம், குடும்பப் படம், பழைய ஆவணம், வரைபடம் எல்லாம் கிட்டே போய்ப் பார்க்கும் வகை. சாமி படம், வரவேற்பு பேனர், மேடைப் பின்னணித் திரை எல்லாம் எட்ட நின்று பார்க்கும் வகை. கல்யாண மேடைத் திரையில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. திரைக்கு முன்னால் நிற்பவர்களை எல்லோரும் ஃபோனில் படமெடுப்பார்கள். ஆனால் அப்போதும் கேமரா இரண்டு மூன்று மீட்டர் தள்ளித்தான் இருக்கும். 50 பிபிஐ தாராளம்.

இதை எண்களோடு பொருத்திப் பார்ப்போம். 24 மெகாபிக்சல் படத்தை 3 மீட்டருக்கு 2 மீட்டர் பேனராகப் போட்டால் கிடைப்பது அங்குலத்துக்குச் சுமார் 50 பிக்சல். 1.8 மீட்டருக்கு அப்பால் நிற்பவர் குறை சொல்ல முடியாது. அதையே 300 பிபிஐ-யில் கேட்டால் 35,400-க்கு 23,600 பிக்சல் வேண்டும். எண்ணூறு மெகாபிக்சலுக்கும் மேல். யார் கையிலும் அப்படி ஒரு கேமரா இல்லை. சுவரில் மாட்டும் அளவுகளில், ஏ3 தாளுக்கு 300 பிபிஐ என்றால் 3508-க்கு 4961 பிக்சல். ஏ1 தாளுக்கு 150 பிபிஐ என்றாலும் கிட்டத்தட்ட அதே 3508-க்கு 4967 தான். ஃபோன்கள் வழக்கமாகத் தரும் 12 மெகாபிக்சல் படம் 4032-க்கு 3024. அது ஏ1-இல் 122 பிபிஐ தரும். முக்கால் மீட்டர் தூரத்துக்குச் சரியாக வரும். நல்ல வெளிச்சத்தில், கை ஆடாமல் எடுத்த ஃபோன் படத்தை ஏ1 வரை தைரியமாகப் போடலாம்.

தைரியம் என்று சொன்னாலும் பெட்டியில் எழுதியிருக்கும் மெகாபிக்சலை அப்படியே நம்ப வேண்டாம். 48, 50 என்று போட்டிருக்கும் ஃபோன்களில் பலவும் சாதாரண நிலையில் நான்கு பிக்சல்களை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படம்தான் தருகின்றன. இரவு வெளிச்சத்துக்கு அதுவே நல்லது. விரலால் இழுத்துப் பெரிதாக்கி எடுப்பது கேமராவுக்குள்ளேயே படத்தை வெட்டிக்கொள்ளும் வேலை, அதனால் பிக்சல் அங்கேயே போய்விடும். காவடி ஊர்வலத்தில் தூரத்திலிருந்து ஜூம் செய்வதைவிட நாலு எட்டு முன்னால் நடந்து போய் எடுப்பது எவ்வளவோ மேல். கை நடுங்கினால் 50 மெகாபிக்சலும் 5 மெகாபிக்சல்போலத்தான் அச்சாகும்.

ஆனால் நம்மவர்கள் பிக்சலைத் தொலைப்பது கேமராவில் இல்லை, வாட்ஸ்ஆப்பில். பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்க்கில், பேரன் பேத்திகள் லண்டனில் அல்லது ஆஸ்திரேலியாவில் என்று குடும்பங்கள் பரவிக் கிடக்கின்றன. படங்கள் எல்லாம் குடும்பக் குழுவில்தான் சுற்றுகின்றன. சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். 12 மெகாபிக்சல் படம் 2 மெகாபிக்சல்கூட இல்லாமல் வந்து சேரும். ஏ1-இல் போட்டால் 48 பிபிஐ. அதோடு ஜேபெக் சுருக்கம் வேறு. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக வெட்டித்தான் சுருக்குகிறது. அளவுக்கு மீறிச் சுருக்கினால் அந்தக் கட்டங்களின் ஓரம் தெரிய ஆரம்பிக்கும். 48 பிபிஐ-யில் ஒவ்வொரு கட்டமும் தாளில் 4 மில்லிமீட்டர் அகலம். கன்னத்திலும் வானத்திலும் சதுரம் சதுரமாகத் தெரிவது இதுதான். ஃபார்வர்டு ஆகி ஆகி வந்த படம் என்றால் இடையில் யார் யார் சேமித்துத் திரும்ப அனுப்பினார்களோ தெரியாது; நிலைமை இன்னும் மோசமாக இருக்கும். 2023-இல் வந்த எச்டி வசதி கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அதுவும் படத்தைச் சுருக்கத்தான் செய்கிறது. படமாக அனுப்பாமல் ஆவணமாக, அதாவது டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்பினால் ஒரு பிக்சலும் குறையாமல் போய்ச் சேரும். குடும்பத்தில் எல்லோருக்கும் இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இது அதிகம் வலிக்கும் இடம் சாவு வீடு. ஒருவர் தவறிப்போன அன்று இரவே விளக்குக்குப் பக்கத்தில் வைக்கப் படம் வேண்டும் என்பார்கள். தனியாக எடுத்த படம் இருக்காது. ஏதோ ஒரு கல்யாணத்தில் இருபது பேரோடு நின்ற குழுப் படம்தான் கிடைக்கும். அதில் அந்த முகம் அகலத்தில் 200 பிக்சல் இருந்தால் பெரிய விஷயம். அதை ஏ3-இல், முகம் 15 செ.மீ. அகலம் வரும்படி போட்டால் 34 பிபிஐ. மலர் வைக்கவும் கும்பிடவும் எல்லோரும் ஓர் அடி தூரத்துக்கு வருவார்கள். அந்த நேரத்தில் அந்த முகம் கலங்கித் தெரிவது யாருக்கும் தாங்காது. அளவைச் சுருக்குவதுதான் இங்கே சரியான வழி: முகம் 5 செ.மீ. வரும்படி சின்னதாகப் போட்டு, அகலமான வெள்ளை அட்டைச் சட்டத்துக்குள் வைத்தால் 100 பிபிஐ கிடைக்கும். பார்க்கவும் கண்ணியமாக இருக்கும். அப்புறம் 16-ஆம் நாள் சடங்குக்குள் உறவுகளிடம் கேட்டு, படம் எடுத்தவரின் ஃபோனிலிருந்தே மூல ஃபைலை வாங்கிப் பெரிய படம் செய்துகொள்ளலாம். வீட்டுப் பெரியவர்களை நல்ல பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக உட்காரவைத்து, தனியாக ஒரு படம் இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

பழைய படங்கள் வேறு கதை. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் வந்து சேர்ந்தது முதல் 1911 வரை, 1,52,000-க்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தார்கள். அந்தத் தலைமுறைகளின் முகம் பல வீடுகளில் ஒரே ஒரு சின்னப் படமாகத்தான் மிஞ்சியிருக்கிறது: ஏதோ ஒரு சான்றிதழில் ஒட்டியிருந்தது, அல்லது ஸ்டுடியோவில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று எடுத்தது. இதைப் பெரிதாக்குவதில் முதல் விதி, ஃபோனால் படமெடுக்காமல் ஸ்கேன் செய்வது. ஃபோனில் எடுத்தால் கோணம் சாயும், விளக்கு பளபளக்கும், ஓரங்கள் வளையும்.

எத்தனை பிபிஐ-யில் ஸ்கேன் செய்வது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. எத்தனை மடங்கு பெரிதாக்கப் போகிறோமோ, அதை அச்சில் வேண்டிய பிபிஐ-யால் பெருக்க வேண்டும். 4-க்கு 5 செ.மீ. படத்தை 40-க்கு 50 செ.மீ. ஆக்க வேண்டும், அச்சில் 120 பிபிஐ வேண்டும் என்றால் பத்து மடங்குக்கு 1200 பிபிஐ-யில் ஸ்கேன். ஆனால் இங்கே காகிதமே ஓர் எல்லை வைத்துவிடுகிறது. பழைய அச்சுப் படங்கள் பெரும்பாலும் 300 முதல் 600 பிபிஐ-க்கு மேல் நுணுக்கம் வைத்திருப்பதில்லை. 1200-இல் ஸ்கேன் செய்யும்போது கூடுதலாக வருவது காகிதத்தின் நாரும் தூசியும்தான். ஆகவே நான் எப்போதும் சொல்வது, அந்தச் சின்னப் படத்தை 20-க்கு 25 செ.மீ. வரை மட்டும் பெரிதாக்குங்கள் என்று. அந்த அளவில் புடவையின் கரையும் காதுத் தோடும் இன்னும் உண்மையாகவே இருக்கும். அதற்கு மேல் போனால் முகம் நம்மைவிட்டு விலகிப் போகும்.

நெகட்டிவ் கிடைத்தால் கதையே மாறிவிடும். ஸ்டுடியோக்காரர்கள் பயன்படுத்திய நடுத்தர அளவு ஃபிலிமில் 6-க்கு 6 செ.மீ. நெகட்டிவ் ஒன்றை 2400 பிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 28 மெகாபிக்சல் கிடைக்கும். சாதாரண 35 மி.மீ. ஃபிலிமை 4000 பிபிஐ-யில் எடுத்தால் 21 மெகாபிக்சல். அலமாரியில் கிடக்கும் நெகட்டிவ் உறைகளைத் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஸ்கேனர் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணை விட்டுவிட்டு 'ஆப்டிகல்' என்று குறிப்பிட்ட எண்ணைப் பாருங்கள். மற்றது மென்பொருள் ஊதிப் பெருக்கியது. ஸ்கேனை 16 பிட் டிஃப் ஃபைலாக, ஷார்ப்பன் (விளிம்புகளைக் கூர்மையாக்குவது) எதுவும் செய்யாமல் சேமியுங்கள். இதுதான் மூலப் பிரதி. முத்து முத்தாகச் சொரசொரப்புள்ள தாளில் அச்சான படம் என்றால் ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகவும் ஸ்கேன் செய்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சராசரியாக்கினால் அந்தச் சொரசொரப்பின் நிழல் வெகுவாகக் குறையும்.

வீட்டில் படம் இல்லாதவர்கள் டர்பனில் உள்ள 1860 பாரம்பரிய மையத்திலும், குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்திலும் தேடலாம். இணையத்தில் தெரியும் சின்னப் பிரதியை இறக்கி அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், மூல ஸ்கேன் கிடைக்குமா என்று அங்கே எழுதிக் கேட்பதே முறை.

பிக்சல் போதவில்லை என்றால் மென்பொருளால் பெரிதாக்கலாமா? ஓரளவுக்கு, ஆம். இரண்டு மடங்கு வரை பழைய முறையிலான பெரிதாக்கலே நன்றாக வேலை செய்யும். பெரிதாக்கிய பிறகு மிக மெல்லிய மணல்போன்ற இரைச்சலைச் சேர்த்தால் கண்ணுக்கு வழவழப்பு தெரியாது, படம் கூர்மையாக இருப்பதாகவே தோன்றும். 2021-இல் அடோபி கொண்டுவந்த சூப்பர் ரெசல்யூஷன்போன்ற கருவிகள் அகலத்தையும் உயரத்தையும் இரட்டிப்பாக்கித் தரும். கோபுரம், கடற்கரை, கரும்புத் தோட்டம்போன்ற படங்களுக்கு அவை நல்ல உதவி.

முகங்களில்தான் எனக்குக் கவலை. செயற்கை அறிவுக் கருவிகள் மங்கலான முகத்தைத் 'தெளிவாக்கும்போது' அங்கே இருந்ததை மீட்பதில்லை. ஆயிரக்கணக்கான வேறு முகங்களைப் பார்த்துக் கற்றதிலிருந்து இப்படி இருக்கலாம் என்று ஒரு முகத்தை வரைகின்றன. பூட்டியின் மூக்குத்தி ஒரு நிழலாகிக் காணாமல் போகும். அம்மைத் தழும்பு வழுக்கி மறையும். கண்ணிமை வேறு யாருடையதோ ஆகும். படம் பிரமாதமாக இருக்கும். ஆனால் அது அந்தப் பூட்டி இல்லை. அடுத்த தலைமுறைக்கு அவர் முகம் என்று போய்ச் சேரப்போவது அந்த ஒரு படம்தான் எனும்போது, மங்கலாக இருந்தாலும் உண்மையான முகத்தையே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கீறலை மூடலாம், கறையை நீக்கலாம், வெளுத்ததைச் சற்று இருட்டாக்கலாம். கண், மூக்கு, வாய் மூன்றையும் இயந்திரத்திடம் விடக்கூடாது.

ஷார்ப்பன் செய்வது கடைசி வேலை. அச்சு அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் செய்ய வேண்டும். திரையில் எந்தப் பெருக்கத்தில் பார்த்துச் சரிசெய்வது என்பதற்கு, திரையின் பிபிஐ-யை அச்சின் பிபிஐ-யால் வகுத்தால் போதும். 24 அங்குல ஃபுல் எச்டி திரைக்குச் சுமார் 92 பிபிஐ. 150 பிபிஐ அச்சு என்றால் 61 விழுக்காட்டில் வைத்துப் பார்த்தால், தாளில் வரும் அதே அளவில் தெரியும். 100 விழுக்காட்டில் பார்த்துப் பயந்துபோய்த் தேவையில்லாமல் படத்தைத் தீட்டுபவர்கள் நிறைய.

நிறத்தில் ஒன்றிரண்டு மட்டும். திரை வெளிச்சம் முழுதாக வைத்திருந்தால் அச்சு இருட்டாகத்தான் வரும், அதிலும் நம் மாநிறமும் கறுப்பும் கலந்த முகங்கள் இன்னும் இருண்டு, கண்ணும் புருவமும் ஒன்றாகிவிடும். திரை வெளிச்சத்தைக் குறைத்து, முகத்தின் நடுத்தர நிழல்களைக் கொஞ்சம் தூக்கிவிட வேண்டும். மஞ்சள், குங்குமம், செவ்வந்தி ஆரஞ்சு எல்லாம் திரையில் எரியும் அளவுக்கு மையில் எரியாது. கடை தன் இயந்திரத்துக்கான நிற விவரக் கோப்பைத் தந்தால் அதை வைத்து முன்னோட்டம் பார்க்கலாம். தராவிட்டால் திரைகளுக்கான வழக்கமான நிற அமைப்பான எஸ்ஆர்ஜிபி-யிலேயே கொடுத்துவிடுவது மேல். அச்சு மைகளின் நிற அமைப்பான சிஎம்ஒய்கே-க்கு நாமாக மாற்றினால் நிறம் இரண்டு தரம் அடிவாங்கும்.

பேனரில் தமிழ் எழுத்து வந்தால் தனிக் கவனம் வேண்டும். டர்பன் கடைகளில் வேலை செய்யும் பெரும்பாலோருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நம் வீட்டுப் பிள்ளைகளிலும் பலருக்குத் தெரியாது. 'தேரோட்டம்' என்று அடித்துக் கொடுத்த ஃபைலைக் கடையின் கம்ப்யூட்டரில் திறக்கும்போது, துணை எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாத மென்பொருள் இரட்டைக் கொம்பைத் 'த'வுக்குப் பின்னால் தள்ளிவிடும். 'கோயில்' என்பதில் கொம்பும் காலும் தனித்தனியே புள்ளிவட்டத்தோடு நிற்கும். பாமினிபோன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். கடைக்காரருக்கு எல்லாமே ஒன்றுபோலத் தெரிவதால் அப்படியே அச்சாகிவிடும். ஈஸ்டர் சமயத்தில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் கூடுவதுபோன்ற கூட்டத்துக்கு நடுவில் அம்மன் பெயர் சிதைந்து தொங்குவது மனதுக்குக் கஷ்டம்.

இதற்கு வழி எளிது. எழுத்தை ஃபோட்டோஷாப் படத்தோடு சேர்த்துப் பிக்சலாக்காமல், இல்லஸ்ட்ரேட்டரிலோ இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பிலோ யூனிகோட் எழுத்துருவில் அடிக்க வேண்டும். அடோபி மென்பொருள் என்றால் உலக மொழிகளுக்கான பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் சரியாகச் சேரும். சரியாக வந்ததும் எழுத்துகளை அவுட்லைனாக மாற்றி பிடிஎஃப் ஆக்கிவிட வேண்டும். அதன்பின் அவை எழுத்தே இல்லை, வெறும் வடிவம். எந்தக் கம்ப்யூட்டரிலும் குலையாது. கோடுகளாக இருப்பதால் ரெசல்யூஷன் என்ற கேள்வியும் அவற்றுக்கு இல்லை. பின்னால் இருக்கும் படம் 50 பிபிஐ-யில் இருந்தாலும் எழுத்தின் விளிம்பு கத்திபோல நிற்கும். பேனர் முழுவதும் கூர்மையாக இருப்பதாகப் பார்ப்பவர் நினைப்பதற்குப் பாதிக் காரணம் எழுத்தின் கூர்மைதான்.

ஓரங்களையும் மறக்க வேண்டாம். கேமரா படம் 3-க்கு 2, ஃபோன் படம் 4-க்கு 3, ஏ வரிசைத் தாள் இரண்டுக்கும் நடுவில். எதை எடுத்தாலும் ஒரு பக்கத்தில் 6 விழுக்காடு வெட்டுப்படும். குடும்பப் படத்தில் அந்த 6 விழுக்காடு ஓரத்தில் நிற்கும் சித்தப்பாவாக இருக்கும். கேன்வாஸை மரச்சட்டத்தில் மடித்து அடிக்கும்போது நான்கு பக்கமும் 5 செ.மீ. மடிப்புக்குள் போய்விடும். பேனரில் கயிறு கட்ட வளையம் அடிக்கவும் அவ்வளவு இடம் தேவை. படமெடுக்கும்போதே சுற்றிலும் காலி இடம் விட்டு எடுப்பதுதான் இதற்கு நிரந்தர மருந்து.

பெரிய பேனர்களைச் சில கடைகள் பத்தில் ஒரு பங்கு அளவில் கேட்கும். 3 மீட்டர் பேனரை 30 செ.மீ. என்று, 500 பிபிஐ-யில் கொடுக்கச் சொன்னால் பயப்பட வேண்டாம். பிக்சல் அதே 5906-க்கு 3937 தான், குறிப்பு மட்டுமே வேறு. இன்னும் பெரிதாகப் போகிறவர்களுக்கு: ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி ஒரு பக்கத்தில் 30,000 பிக்சலோடு நின்றுவிடும், ஜேபெக் 65,535-இல். நடைமுறையில் அந்த எல்லையைத் தொட வேண்டிய தேவை வருவதே அரிது.

முழுப் படத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன், முகமோ முக்கியமான இடமோ வரும் ஒரு துண்டை, முழு அளவிலேயே, ஏ4 தாளில் அடித்துத் தரச் சொல்லுங்கள். பெரிய அச்சின் விலையோடு பார்த்தால் அதன் செலவு சொற்பம். அந்தத் துண்டை எடுத்துப் போய், படம் மாட்டப்போகும் அதே சுவரில், அதே உயரத்தில் ஒட்டி, பகலில் ஒருமுறையும் விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறையும் பாருங்கள். அங்கேயே கடைக்கான குறிப்பையும் எழுதிவிடலாம்: அகலம் உயரம் சென்டிமீட்டரில், எவ்வளவு தூரத்தில் பார்ப்பார்கள் என்பது, ஓரம் எவ்வளவு விட வேண்டும், படத்தை இனிமேல் ஷார்ப்பன் செய்யவோ வெட்டவோ வேண்டாம் என்ற ஒரு வரி. தமிழ் எழுத்து இருந்தால், அது எப்படித் தெரிய வேண்டும் என்று காட்டும் ஒரு சின்னப் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். தமிழ் தெரியாதவரும் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்.